தீவனத்தில் புரதம் இருக்கிறது, கோழியில் காணோம்: அறிகுறி பார்த்துக் குறை கண்டுபிடிக்க

சொந்தமாகத் தீவனம் கலக்கும் சிறு பண்ணைக்காரர்கள் என்னைக் கூப்பிட்டால் பேச்சு இப்படித்தான் தொடங்கும்: "புரதம் 17 வருதுங்க, லேப்ல பாத்தாச்சு. ஆனா கோழிதான் சரியில்லைங்க." நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றே ஒன்றுதான்: "ஒரு கோழி ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தின்னுது?" அதற்குப் பெரும்பாலும் பதில் வராது.

பரிசோதனைச் சீட்டில் வரும் புரதம் உண்மையில் நைட்ரஜன் கணக்கு. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் போடுகிறார்கள். கோழிக்கு வேண்டியதோ புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்கள். மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனத்தில் முதலில் பற்றாமல் போவது மெத்தியோனின், அடுத்து லைசின், அதற்கடுத்து திரியோனின். ஒன்று குறைந்தால் மற்றவை மிச்சமிருந்தும் பயனில்லை. கோழி அவற்றை எரித்து யூரிக் அமிலமாக எச்சத்தில் தள்ளிவிடும். தத்துவம் இவ்வளவு போதும்.

முதலில் இதை ஒதுக்குங்கள்

ராத்திரியோடு ராத்திரியாக முட்டை பாதியாகக் குறைந்தால், கழுத்து திருகினால், பச்சையாகவோ ரத்தமாகவோ கழிந்தால், ஒரே நாளில் நாலைந்து செத்தால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வெள்ளைக்கழிச்சலோ ரத்தக்கழிச்சலோ வந்த கொட்டகையில் மெத்தியோனின் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அமினோ அமிலக் குறை மெல்ல வரும், மந்தை முழுக்க வரும், பெரும்பாலும் சாவு இல்லாமல் வரும்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை: தராசு

மூன்று நாள், காலையில் போடும் தீவனத்தை நிறுத்துப் போடுங்கள். மறுநாள் காலையில் மிச்சத்தை வழித்து நிறுத்துக் கழியுங்கள். கோழி எண்ணிக்கையால் வகுங்கள். பொடி கீழே சிந்தியிருந்தால் அதையும் கூட்டி அள்ளி எடை போடுங்கள். சிந்தியது கோழி வயிற்றுக்குள் போகவில்லை.

இப்போது ஒரு கணக்கு. 100 கிலோ முட்டைக்கோழித் தீவனத்தில் மக்காச்சோளம் 60 கிலோ, சோயா புண்ணாக்கு 25 கிலோ, தவிடு 5 கிலோ, மீதி கிளிஞ்சலும் தாது உப்பும் என்று வைத்துக்கொள்வோம். மக்காச்சோளத்தில் கிலோவுக்குச் சுமார் 1.8 கிராம் மெத்தியோனின், சோயாவில் சுமார் 6.2 கிராம். தவிட்டையும் சேர்த்தால் 100 கிராம் தீவனத்தில் சுமார் 270 மில்லிகிராம் வரும். லைசின் சுமார் 850 மில்லிகிராம்.

சோயா விலை ஏறிவிட்டதென்று அந்த 25 கிலோவையும் கடலைப் புண்ணாக்காக மாற்றுங்கள். புரதச் சதவீதம் அப்படியே 17 பக்கம் நிற்கும். மெத்தியோனின் 240க்கு இறங்கும். லைசின் 550க்கு விழும். சீட்டில் ஒன்றும் தெரியாது, கோழிக்குத் தெரியும்.

அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 1994இல் வெளியிட்ட அட்டவணைப்படி, நாளைக்கு 100 கிராம் தின்னும் வெள்ளை முட்டைக்கோழிக்கு மெத்தியோனின் 300 மில்லிகிராம், லைசின் 690 மில்லிகிராம் வேண்டும். இன்று நாம் வளர்க்கும் ரகங்களின் கையேடுகள் இதைவிடக் கூடவே கேட்கின்றன. ஆக சோயா போட்டாலும் மெத்தியோனின் துண்டு விழுகிறது. கடலைப் புண்ணாக்கு போட்டால் இரண்டும் விழுகின்றன. உங்கள் கலவைக்கும் இப்படிக் கணக்குப் போட்ட காகிதம் கையில் இருந்தால்தான் கீழே உள்ளவற்றில் எது உங்களுடையது என்று பிரிக்க முடியும்.

அறிகுறி: எண்ணிக்கை குறையவில்லை, முட்டை மட்டும் சிறுத்துவிட்டது

மெத்தியோனின் குறைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது முட்டை எடைதான். எண்ணிக்கை பிறகுதான் சரியும். தினம் ஒரே நேரத்தில் 30 முட்டைத் தட்டு ஒன்றை நிறுத்து எழுதி வைப்பவர்கள் இதை முன்னாடியே பிடித்துவிடுவார்கள்.

*வயது.* முட்டையிடத் தொடங்கி முதல் சில வாரங்களே ஆன கோழி சின்ன முட்டைதான் போடும். வாரா வாரம் எடை ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஏறினால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

*வெயில்.* சித்திரை, வைகாசியில் நாமக்கல் பக்கம் வரும் புகார்களில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். 100 கிராம் தின்ற கோழி 85 கிராமோடு நிறுத்திக்கொள்ளும். மேலே போட்ட 270 மில்லிகிராம் கணக்கு அப்போது 230. தீவனம் மாறவில்லை, தொழிலாளி மாறவில்லை, முட்டை மட்டும் சிறுத்தது என்றால் காரணம் இதுதான். தீவனத்தை விடியற்காலையிலும் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகும் போடுங்கள். தண்ணீர்க் குழாயைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெந்நீராக இருந்தால் குடிக்காது, குடிக்காத கோழி தின்னாது. இதையெல்லாம் செய்தும் எடை ஏறாவிட்டால் கோடைக்கு மட்டும் தனிக் கலவை போட்டு, குறைந்த கிராமுக்குள் அதே மில்லிகிராம் போகும்படி செய்ய வேண்டும். புண்ணாக்கைக் கூட்டி அதைச் செய்யாதீர்கள். மிச்சப் புரதத்தை எரிக்கும்போது கோழி உடம்பு இன்னும் சூடாகும். மெத்தியோனினாகவும் லைசினாகவும் போடுங்கள்.

*கலவை.* கடையில் தூளாகக் கிடைக்கும் மெத்தியோனினுக்கு டிஎல் மெத்தியோனின் என்று பெயர். அதை ஒரு டன்னுக்கு 1 கிலோ போட்டால் 100 கிராம் தீவனத்துக்குச் சுமார் 100 மில்லிகிராம் கூடும். அந்த ஒரு கிலோவை நேராக மிக்சருக்குள் கொட்டினால் ஒரு மூட்டைக்கு அதிகமும் இன்னொரு மூட்டைக்கு ஒன்றுமே இல்லாமலும் போகும். முதலில் 10 கிலோ மக்காச்சோள மாவில் கையால் கலந்து, பிறகு மிக்சரில் போடுங்கள். டன் கணக்கை 300 கிலோ மிக்சருக்குக் குறைக்கும்போது தப்புப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். 300 கிராம் போட வேண்டிய இடத்தில் 30 கிராம். தராசில் புள்ளி ஒன்று தள்ளிப் போயிருந்தது, அவ்வளவுதான்.

*சோயா.* சரியாக வறுபடாத சோயாவும் கருக வறுத்த சோயாவும் ஒரே மாதிரி கெடுதல் செய்யும். சோதனையைக் குஞ்சுப் பகுதியில் சொல்கிறேன், இங்கேயும் அதேதான்.

*உடல் எடை.* பருவத்துக்கு வரும்போதே இளைத்திருந்த கோழி கடைசிவரை சின்ன முட்டையே போடும். இதைத் தீவனம் போட்டுத் திருப்ப முடியாது. இந்தச் செலவை அடுத்த தொகுதிக் குஞ்சுகளின் மேல் செய்யுங்கள்.

சரிசெய்த பிறகு நாளையே பலன் தேடாதீர்கள். மஞ்சள் கரு வேகமாக வளர்வதற்கே ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இரண்டு வாரம் கழித்துத் தட்டை நிறுத்துப் பாருங்கள். மூன்று வாரமாகியும் அசையாவிட்டால் தீவனத்தை ஆய்வுக்கு அனுப்பும் கட்டம் வந்துவிட்டது.

அறிகுறி: இறகு கொட்டுகிறது, ஒன்றை ஒன்று கொத்துகிறது, கீழே விழுந்த இறகைத் தின்கிறது

கீழே கிடக்கும் இறகைத் தேடித் தின்பது முக்கியமான தடயம். இறகு பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம். அதில் கந்தகம் உள்ள சிஸ்டின் நிறைய. அந்தச் சிஸ்டினைக் கோழி மெத்தியோனினிலிருந்துதான் செய்துகொள்கிறது. ஆனால் கொத்தும் கோழிக்கெல்லாம் மெத்தியோனின் குறைவு என்று முடிவு கட்டாதீர்கள். மலிவான காரணங்கள் வரிசையில் முன்னால் நிற்கின்றன.

ராத்திரி டார்ச் எடுத்துப் போய்க் கோழியைப் பிடித்து, ஆசனவாயைச் சுற்றி இறகைப் பிரித்துப் பாருங்கள். இறகின் அடியில் வெள்ளைக் கொத்தாக முட்டைகள் ஒட்டியிருந்தால் பேன். பரண், கூண்டு இடுக்குகளில் விரலை ஓட்டும்போது ரத்தச் சிவப்பு ஒட்டினால் உண்ணி. இரண்டுக்கும் மருந்து வேறு, தீவனம் அல்ல.

அடுத்து உப்பு. டன்னுக்கு 3 கிலோ பக்கம் போக வேண்டிய உப்பை யாரோ மறந்திருப்பார்கள். ஒரு பண்ணையில் நான்கு மாதம் எல்லாவித டானிக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். கலக்கும் பையன் மாறியிருந்தான், உப்பு மூட்டை பிரிக்காமலே மூலையில் இருந்தது. கருவாட்டுத்தூள் போடுபவர்களுக்கு இது தலைகீழ்: அதிலேயே உப்பு இருக்கும், தனியாகப் போடும் உப்பைக் குறைக்க வேண்டும்.

பிறகு நெரிசல், வெளிச்சம். சுட்டெரிக்கும் பல்புக்கு நேர் கீழே கொத்து அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் இருந்தால் பல்பை மாற்றிப் பாருங்கள்.

வயதான கோழி வருடத்துக்கு ஒருமுறை இறகு உதிர்ப்பது இயல்பு. அப்போது கழுத்திலிருந்து தொடங்கி ஒழுங்காகக் கொட்டும், புது முளை தெரியும், முட்டை நிற்கும். கொத்தப்பட்ட கோழிக்கு வால் அடியும் முதுகும் மொட்டையாகும், இறகு பாதியில் முறிந்திருக்கும்.

இத்தனையும் கழிந்த பிறகே மெத்தியோனின். அப்போதும் மந்தை முழுவதற்கும் போடுவதற்கு முன் 20, 30 கோழியைத் தனியாக அடைத்து, டன்னுக்கு 1 கிலோ கணக்கில் கூட்டிய தீவனத்தை மூன்று வாரம் கொடுத்துப் பாருங்கள். இறகு தின்பது நின்றால் விடை கிடைத்துவிட்டது. வழுக்கை மூட வாரக்கணக்காகும், முறிந்த இறகு அடுத்த உதிர்வு வரை அப்படியேதான் இருக்கும்.

நாட்டுக்கோழிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மேய்ச்சலில் இருந்தவரை சிறுவிடை என்ற சின்ன நாட்டுக்கோழிக்கு இந்தத் தொல்லை வராது, கறையானும் புழுவும் பார்த்துக்கொள்ளும். வலை கட்டி அடைத்து, கம்பும் தவிடும் மட்டும் போட்டால் இரண்டாம் மாதம் தொடங்கிவிடும். "அசோலா போடுறேனே" என்பார்கள். அசோலா தண்ணீரில் மிதந்து வளரும் பாசி போன்ற செடி, அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். காய்ந்த எடைக்கு லைசின் பரவாயில்லை, மெத்தியோனின் குறைவு. நல்ல துணை உணவு, ஆனால் இந்த நோய்க்கு மருந்து இல்லை. எள்ளுப் புண்ணாக்கு அதைவிட மேல்: சோயாவைப் போல இரண்டு மடங்கு மெத்தியோனின் அதில் உண்டு. லைசினோ மூன்றில் ஒரு பங்குதான், அதனால் தனியாக நம்ப முடியாது, சோயாவோடு சேர்த்துப் போட வேண்டும்.

ரத்தம் வரும்வரை கொத்தி, குடல் வெளியே இழுபட்ட கோழி கிடந்தால் காத்திருக்காதீர்கள். அடிபட்டவற்றைப் பிரித்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். ருசி கண்ட மந்தை தீவனம் சரியான பின்பும் நிறுத்தாது.

அறிகுறி: ஒரே நாளில் வந்த குஞ்சுகள், பாதி வளர்ந்தும் பாதி குட்டையாகவும்

மந்தை முழுக்க ஒரே சீராகக் குட்டையாக இருந்தால் தீவனத்தில் குறை. பாதிதான் குட்டை என்றால் தீவனம் எல்லோருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேரவில்லை. இந்த ஒரு வேறுபாடு பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

பாதி குட்டை என்றால் தீவனத் தட்டுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். பலமான குஞ்சு முதலில் வந்து பெரிய சோளத் துணுக்கைப் பொறுக்கிக்கொண்டு போகும். பின்னால் வருவதற்குப் பொடிதான். சில கொட்டகைகளில் அந்தப் பொடியையும் யாரும் தொடுவதில்லை, அதன் மேலேயே புதுத் தீவனம் கொட்டப்படுகிறது. மெத்தியோனின், லைசின், வைட்டமின் எல்லாம் தட்டின் அடியில். அரைப்பதைச் சீராக்குங்கள், தட்டுகளைக் கூட்டுங்கள், மதியம் ஒருமுறை தட்டு காலியாகும்வரை விட்டுவிட்டு அடுத்ததைப் போடுங்கள். எச்சத்தில் சிவப்பு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தக்கழிச்சலும் மந்தையை இப்படித்தான் இரண்டாகப் பிரிக்கும்.

முழுக்கக் குட்டை என்றால், முதல் கேள்வி: குஞ்சுக்கு முட்டைக்கோழித் தீவனத்தைப் போடுகிறீர்களா? மிச்சமிருக்கிறதே என்று போடுபவர்கள் உண்டு. அதில் குஞ்சுக்குத் தேவையான லைசின் இருக்காது, சுண்ணாம்போ குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அளவுக்கு இருக்கும். உடனே நிறுத்துங்கள்.

இரண்டாவது சோயா. வேகாத சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு, புரதம் செரிக்காமலே வெளியேறும். மூடியுள்ள பாட்டிலில் இரண்டு கரண்டி சோயாப் பொடி, ஒரு சிட்டிகை யூரியா, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் போட்டு மூடி அரை மணி வையுங்கள். திறக்கும்போது அம்மோனியா நெடி மூக்கைத் துளைத்தால் வேகவில்லை. இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் பேசும். அதிகமாகக் கருகியதை அது சொல்லாது. அதற்குக் கண்தான்: நல்ல சோயா வெளிர்மஞ்சள், கருகியது காப்பிப் பழுப்பு. கருகினால் முதலில் சாவது லைசின். புரதச் சீட்டில் அது அப்படியே உயிரோடு நிற்கும்.

மூன்றாவது கருவாட்டுத்தூளில் கலப்படம். அதே பாட்டில் சோதனையைத் தலைகீழாகச் செய்யுங்கள். கருவாட்டுத்தூளோடு ஒரு கரண்டி வறுக்காத பச்சை சோயாபீன்ஸ் மாவு, வெதுவெதுப்பான தண்ணீர். பக்கத்திலேயே சோயா மாவு போடாத இன்னொரு பாட்டில். முதல் பாட்டிலில் மட்டும் அம்மோனியா கிளம்பினால் தூளில் யூரியா இருக்கிறது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன், 6.25ஆல் பெருக்கினால் 287 சதவீதம் "புரதம்". கொஞ்சம் தூவினாலே சீட்டு ஜொலிக்கும். மணல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், அடியில் தங்குவதை விரலால் நெருடுங்கள்.

கடலைப் புண்ணாக்கை மட்டும் நம்பியிருந்தால் லைசின் போட்டே ஆக வேண்டும். கடையில் கிடைக்கும் லைசின் ஹைட்ரோகுளோரைடில் லைசின் 78 சதவீதம்தான். டன்னுக்கு 2 கிலோ போட்டால் 100 கிராம் தீவனத்துக்குச் சுமார் 156 மில்லிகிராம் கூடும். இருந்தாலும் பாதிக்கு மேல் கடலைப் புண்ணாக்காக மாற்றாதீர்கள் என்பதே என் பேச்சு. லைசினை நிரப்பினால் திரியோனின் தடுக்கும், அதை நிரப்பினால் இன்னொன்று. ஓட்டைப் பானையில் ஒவ்வொரு ஓட்டையாக அடைப்பதைவிடக் கொஞ்சம் சோயா வாங்கிவிடலாம்.

பத்து, இருபது குஞ்சு வளர்க்கும் வீடுகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். பழைய பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் போட்டு, தண்ணீர் தெளித்து, புற்றுக்குப் பக்கத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் கறையான் ஏறியிருக்கும். அதைவிட நல்ல புரதம் எந்த மூட்டையிலும் இல்லை.

அறிகுறி: நன்றாகத் தின்கிறது, கொழுக்கிறது, முட்டை குறைகிறது

லேசான குறை இருந்தால் கோழி அதை ஈடுகட்ட அதிகம் தின்னப் பார்க்கும். கூடவே போகும் மாவுச்சத்து கொழுப்பாகிறது. அடிவயிற்றைக் கையால் பிடித்துப் பாருங்கள். மெத்தென்று கொழுப்புத் திரண்டிருக்கும்.

தராசுக் கணக்கில் நாளைக்கு 120 கிராமைத் தாண்டினால் முதலில் சிந்துவதைப் பாருங்கள், பிறகு மக்காச்சோளத்தின் அளவைப் பாருங்கள். "முட்டை குறையுது" என்று சோளத்தைக் கூட்டியிருப்பார்கள். அதைக் குறைத்து, மெத்தியோனின் கணக்கைச் சரிசெய்து, கோலின் குளோரைடு போகிறதா என்று பாருங்கள்; இரண்டும் கல்லீரலில் கொழுப்பு தேங்காமல் பார்ப்பவை.

இதற்கு மேல் வீட்டு வைத்தியம் இல்லை. நல்ல கொண்டையோடு, கொழுத்த கோழி திடீரென்று செத்துக் கிடந்தால் ஒன்றைப் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கல்லீரல் மஞ்சளாக, தொட்டால் உதிர்வதாக, பக்கத்தில் ரத்தம் கட்டியிருந்தால் கொழுப்புக் கல்லீரல். பூஞ்சை நஞ்சும் கல்லீரலைக் கிட்டத்தட்ட இதே போலக் கெடுக்கும். பிரித்துச் சொல்ல மருத்துவரால்தான் முடியும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகளைக் கொன்றது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அதிலிருந்த பூஞ்சை நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்ற பெயரே அதற்குப் பிறகுதான் வந்தது. ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கை வெயிலில் காயவைத்துப் போட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: பூஞ்சை காயும், நஞ்சு காயாது.

அறிகுறி: புதுக் கலவை போட்டதும் தீவனத்தை ஒதுக்குகிறது

தண்ணீர் வருகிறதா, மூட்டையில் பூஞ்சை வாடை இருக்கிறதா, உப்பு இரண்டு முறை விழுந்ததா என்று இந்த வரிசையில் பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் மெத்தியோனின் அதிகமாகிவிட்டதா என்று கேளுங்கள். அமினோ அமிலங்களில் அளவு மீறினால் அதிகம் கெடுதல் செய்வது அதுதான். டன்னுக்கு 1 கிலோ நல்லது என்றால் 10 கிலோ பத்து மடங்கு நல்லது என்று போட்ட ஒருவரின் கோழிகள் இரண்டு நாள் பட்டினி கிடந்தன. லைசினை வாரிக் கொட்டினாலும் சிக்கல்: அது ஆர்ஜினினைக் கரைத்துவிடும், ஆர்ஜினினைக் கோழியால் தானாகச் செய்துகொள்ள முடியாது. பழைய கலவைக்குத் திரும்புங்கள். மறுநாள் தின்ன ஆரம்பித்தால் புதுக் கலவையில்தான் கோளாறு. பழையதையும் தின்னாவிட்டால் மருத்துவர்.

அறிகுறி: கூளம் ஈரம், அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கிறது

தண்ணீர்க் குழாய் ஒழுகலை முதலில் பாருங்கள். ஒழுகல் இல்லையென்றால், முந்தைய அறிகுறி ஏதோ ஒன்றுக்குப் புண்ணாக்கை வாரிப் போட்டிருப்பீர்கள். புண்ணாக்கைக் குறைத்து, குறைந்த அமினோ அமிலத்தை மட்டும் போட்டால் கூளம் தானாகக் காயும்.

ஆய்வுக்கு அனுப்பும்போது

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வுக்கூடம் இருக்கிறது. மற்ற மாவட்டத்துக்காரர்கள் பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். ஒரே மூட்டையின் மேலிருந்து அள்ளிக் கொண்டு போகாதீர்கள். பத்து மூட்டையில் மேல், நடு, அடி என்று ஒவ்வொரு பிடி எடுத்து, ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து ஒரு பங்கை, அரை கிலோ அளவுக்கு, காற்றுப் புகாத பையில் கட்டுங்கள். "புரதம் பார்க்கணும்" என்று சொன்னால் அதை மட்டும் பார்த்துத் தருவார்கள், மறுபடி 17 என்று சீட்டு வரும். சோயாவாக இருந்தால் யூரியேஸ் (பாட்டில் சோதனையில் யூரியாவை அம்மோனியாவாக்கியது இதுதான்) அளவும், பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரையும் புரதமும் கேளுங்கள். முதலாவது 0.05க்கும் 0.20க்கும் இடையில் இருந்தால் வெந்தது. இரண்டாவது 70 சதவீதத்துக்குக் கீழே போனால் கருகியது. கலந்த தீவனமாக இருந்தால் மெத்தியோனின், லைசின் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அமினோ அமில ஆய்வுக்குப் பணம் கூட ஆகும். அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

கலக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிடியைத் தேதி எழுதிய பையில் போட்டு, நிழலில் ஒன்றரை மாதம் வையுங்கள். முட்டை சிறுத்தது இன்றைக்குத் தெரிகிறது. அதற்குக் காரணமான தீவனத்தைக் கோழி தின்று முடித்து நாளாகியிருக்கும்.